நமதல்லாததை அழகுபடுத்துதல்

பாடசாலைக் கணினி அறையைப் பற்றி ஆசிரியர்கள் பேசும்போது ஒரு முறைப்பாடு தவறாமல் வந்துவிடும். பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒரு பாடவேளை. அதில் பாதியை டெஸ்க்டொப்பின் பின்புறப் படத்தை மாற்றுவதிலும், ஐக்கன்கள் எனப்படும் சிறு சின்னங்களை இங்குமங்கும் இழுத்து வைப்பதிலும், மணிக்கூடு, நாட்காட்டி, வானிலை காட்டும் விட்ஜெட்டுகளைத் திரையின் ஓரத்தில் ஒட்டி வைப்பதிலும் கழித்துவிடுகிறார்கள் என்பதுதான் அது. "இவர்கள் படிக்க வந்தார்களா, சோடிக்க வந்தார்களா?" என்று கேட்பார்கள்.

வட்டவளைப் பகுதியில் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையொன்றில் நீண்ட காலமாகக் கற்பித்து வருபவன் நான். இந்த முறைப்பாட்டை நேரவிரயம் பற்றிய ஒன்றாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. அதற்குள் ஒரு பழைய அறக்கேள்வி ஒளிந்திருப்பதாகவே தோன்றுகிறது. தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை ஒருவர் தன் விருப்பப்படி அழகுபடுத்தலாமா? அப்படி அழகுபடுத்துவதால் அவருக்குக் கிடைப்பது என்ன? அந்த அழகு, அவர் கேட்க வேண்டிய வேறெதையாவது மறக்கச் செய்துவிடுகிறதா?

மலையகத்தில் இந்தக் கேள்வி கணினியோடு வந்ததல்ல. லயக் காம்பராவிலேயே அது இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அந்த அளவு இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அதற்குள் பிறந்து, மணமுடித்து, பேரப்பிள்ளைகளைக் கண்டு, இறந்துபோனவருக்கும் அது சொந்தமாக இருந்ததில்லை. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. தோட்டம் கைமாறிய எந்தத் தடவையிலும் லயத்தில் இருந்தவரின் கைக்கு உறுதிப்பத்திரம் என்று ஒரு காகிதம் வந்து சேரவில்லை.

ஆனால் அந்த லயங்களுக்குள் போய்ப் பாருங்கள். அடுப்புப் புகை படிந்த சுவரில் பத்திரிகைத் தாள் ஒட்டி, அதன்மேல் கலண்டர் படங்களை வரிசையாக மாட்டியிருப்பார்கள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ நத்தாருக்கோ பெருநாளுக்கோ சுவருக்கு நீலமோ பச்சையோ பூசுவார்கள். இஸ்தோப்பின் ஓரத்தில் பழைய தகரப் பேணியில் செவ்வந்தி பூத்திருக்கும். ஒரே வரிசை, ஒரே அளவு, ஒரே கூரை. ஆனாலும் எந்தக் காம்பராவும் அடுத்த காம்பராவைப் போல் இருக்காது. உரிமையாளர் என்ற பெயர் இல்லாதவர்கள், தங்கள் கைக்காசில், தங்களுக்குச் சொந்தமில்லாத சுவரை அழகுபடுத்திக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சோடனை என்ற ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

இனிக் கணினித் திரைக்கு வருவோம். அதுவும் ஒருவகைக் காம்பராதான். அதையும் வேறு யாரோதான் கட்டித் தந்திருக்கிறார்கள்.

1981இல் செரொக்ஸ் நிறுவனம் 'ஸ்டார்' என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கோப்புறை, தாள், கடிதங்கள் வந்து விழும் தட்டு போன்றவை சிறு படங்களாக அதன் திரையில் இருந்தன. அலுவலக உத்தியோகத்தர் ஒருவரின் மேசைதான் அதற்கு முன்மாதிரி. 1984 ஜனவரியில் அப்பிள் நிறுவனத்தின் மக்கின்டொஷ் வந்தது. அதன் சின்னங்களை வரைந்தவர் சூசன் கெயார் என்ற ஓவியர். கட்டம் போட்ட தாளில், ஒரு பக்கத்துக்கு முப்பத்திரண்டு கட்டங்கள் என்ற அளவுக்குள், கறுப்பு வெள்ளையில் அவர் அவற்றை அமைத்தார். குப்பைக் கூடையை எங்கள் பிள்ளைகள் அறிவார்கள். ஆனால் ஓரத்தில் பெயர்க்காது நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மஞ்சள் கோப்புறையை, அவர்களில் பலர் கணினித் திரைக்கு வெளியே கண்டதில்லை. தனக்கென்று ஒரு மேசை இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளை, வேறொரு நாட்டு அலுவலகத்தின் மேசையைத் தனது மேசை என்று படிக்கத் தொடங்குகிறது.

அந்த முதல் மக்கின்டொஷிலேயே, பயன்படுத்துபவர் திரையின் பின்னணியைத் தானே மாற்றிக்கொள்ள ஒரு வசதி இருந்தது. எட்டுக்கு எட்டு என்று அறுபத்து நான்கு புள்ளிகள். எந்தப் புள்ளி கறுப்பு, எது வெள்ளை என்று தீர்மானித்துவிட்டால் அந்தக் கோலம் திரை முழுவதும் பரவிவிடும். பன்பாய் இழைப்பவளும், வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுபவளும் இந்த வேலையை ஒரு பார்வையில் விளங்கிக்கொள்வார்கள். கோடிக்கணக்கில் ஒரே அச்சில் வார்க்கப்படும் ஒரு பொருளைச் செய்தவர்களுக்கே, அதைத் தொடும் கை தன் அடையாளத்தை அதில் இட விரும்பும் என்பது முதல் நாளிலேயே தெரிந்திருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்கள் இலேசானவை அல்ல. எங்களுடன் இஸ்லாம் பாடம் கற்பிக்கும் மௌலவி ஒருவர் ஒருநாள் சொன்னார்: "சேர், பாடசாலைக் கணினி பொதுச் சொத்து. அது பிள்ளையின் கையில் அமானிதமாகக் கொடுக்கப்பட்டது. வாங்கிய பொருளை வாங்கியபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். வகுப்பு மேசையில் கவராயத்தால் பெயர் செதுக்குகிறவனைக் கண்டிக்கிறோம். திரையில் தன் படத்தைப் போடுகிறவனை மட்டும் ஏன் விட வேண்டும்?"

அமானிதம் என்ற சொல்லை அவர் எடுத்தது பொருத்தமானதுதான். ஆனால் அதன் பொருளை இன்னும் சற்று விரித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. இங்கே குடை இரவல் வாங்காத மனிதர் இல்லை. இரவல் குடையை ஒருவர் சொட்டச் சொட்ட நனைந்தபடி திருப்பித் தருகிறார். இன்னொருவர் உலர்த்தி, கழன்ற கம்பியைத் தைத்துத் தருகிறார். இருவரும் பொருளைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அமானிதத்தை முழுமையாகப் பேணியவர் யார்? ஒப்படைக்கப்பட்ட பொருளில் கை படவே கூடாது என்பது களஞ்சியத்தின் சட்டம். பயன்படுத்தத் தரப்பட்ட பொருளில் நம் கவனம் படிய வேண்டும் என்பதும் அமானிதத்தில் அடங்கும். மேசையில் செதுக்கிய பெயர் அழியாது. அடுத்த பிள்ளையின் தாளைக் கிழிக்கும். திரைப்படத்தை ஒரு நொடியில் பழையபடி மாற்றிவிடலாம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, பின்னால் வருபவருக்கு அதனால் என்ன நேர்கிறது என்பதே.

இதை எனக்குக் கருத்தாக யாரும் சொல்லித் தரவில்லை. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கண்டேன். ஒரு கணினிக்கு நான்கு பேர். ஒருவன் கிரிக்கெட் வீரரின் படத்தைப் போடுவான். அடுத்தவன் நடிகரைப் போடுவான். மூன்றாமவள் பெரிய ரோஜாப்பூவை வைப்பாள். ஒருவரின் கோப்புறையை மற்றவர் எங்கோ தள்ளிவிட்டிருப்பார். ஒவ்வொரு பாடமும் சண்டையில்தான் தொடங்கும். எல்லாவற்றையும் பூட்டிவிடுவது எளிது. கணினியில் அதற்கும் வழியுண்டு. நான் பொறுத்துப் பார்த்தேன். சில வாரங்கள் கழித்து, ரோஜாப்பூ வைத்த பிள்ளையே திரையை நான்கு மூலைகளாகப் பிரித்தாள். மூலைக்கு ஒருவர். ஒவ்வொருவரின் கோப்புறைக்கும் வேறு வேறு சின்னம். நடுவே படம் எதுவும் இல்லை, வெறும் இளநீலம். பூ எங்கே போயிற்று என்று கேட்டேன். "பூவு வச்சா எழுத்து தெரியமாட்டேங்குது சேர்" என்றாள்.

அந்தப் பதிலில் ஒரு முழு ஒழுக்கப் பாடம் இருக்கிறது. தன் பூ மற்றவரின் பெயரை மறைக்கிறது என்று கண்டபோது அவள் பூவை எடுத்துவிட்டாள். யாரும் அதைக் கட்டளையாக இடவில்லை. திரை முதலிலேயே பூட்டப்பட்டிருந்தால் சண்டையும் வந்திராது. இந்த விட்டுக்கொடுப்பும் பிறந்திராது. ஓர் இடத்தை ஒழுங்குபடுத்தும் உரிமை கிடைத்த பின்தான் அந்த இடத்துக்குப் பொறுப்பாளி என்ற எண்ணம் மனிதருக்கு வருகிறது. உரிமையைத் தராமல் பொறுப்பை மட்டும் எதிர்பார்ப்பது தோட்டத்தில் நாம் நெடுங்காலமாகக் கண்ட வழக்கம். அதைக் கணினி அறைக்கும் கொண்டுபோக வேண்டியதில்லை.

பெயர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகிய தலைமுறை எங்களுடையது. ஆவணத்துக்குள் தமிழ் அழகாகத் தெரியும். அதே பெயரை ஐக்கனின் கீழே இட்டால் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். விண்டோஸ் 2000, அதன்பின் எக்ஸ்பி ஆகியவற்றோடு யுனிகோட் தமிழ் வந்த பிறகுதான், ஒரு பிள்ளை தன் கோப்புறைக்குக் கீழே தன் பெயரைத் தமிழிலேயே எழுத முடிந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் ஓர் அலங்காரம்தான். எழுதிய பிள்ளைக்கு, அந்நிய மேசையில் தன் பெயரைத் தன் மொழியில் வாசிக்க முடிந்த முதல் தருணம் அது.

இந்தச் சிறு உரிமையின் பெறுமதி, பிள்ளைகளைவிட வியாபாரிகளுக்கு நன்றாகவே தெரியும். 2009இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 7ஐ வெளியிட்டபோது, மலிவான சிறு மடிக்கணினிகளுக்காக 'ஸ்டார்ட்டர்' என்றொரு பதிப்பையும் தந்தது. கடிதம் எழுதலாம், இணையத்தில் உலாவலாம். ஆனால் பின்புறப் படத்தை மாற்ற முடியாது. சாளரங்களின் நிறத்தையும் மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் மேலும் பணம் கட்டி உயர்ந்த பதிப்புக்குப் போக வேண்டும். ஒரு படத்தை மாற்ற விடுவதால் நிறுவனத்துக்கு எந்தச் செலவும் இல்லை. இருந்தும், மலிவுப் பொருள் வாங்கியவரிடமிருந்து எதைப் பிடித்து வைத்தால் அவருக்கு உறைக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அதற்கு முந்திய ஆண்டு, 2008 ஒக்டோபரில், சீனாவில் உரிமமில்லாத எக்ஸ்பி பிரதிகளுக்கு அதே நிறுவனம் கொடுத்த தண்டனையும் இத்தகையதே. கணினி வழமைபோல வேலை செய்யும். பின்புறம் மட்டும் கறுப்பாகிவிடும். வேறு படம் போட்டாலும் ஒரு மணித்தியாலத்தில் மறுபடியும் கறுப்பு. உரிமமில்லாமல் பயன்படுத்துவது சரியென்று நான் வாதாடவில்லை. தண்டனைக்காக அவர்கள் தேர்ந்தெடுத்த இடம்தான் என்னைச் சிந்திக்க வைக்கிறது. வேலை செய்யும் உறுப்பை விட்டுவிட்டு, முகத்தில் கரி பூசினார்கள்.

சொற்களிலும் இதைக் காணலாம். விண்டோஸ் 95இல் 'எனது கணினி' என்ற பொருள் தரும் ஐக்கன் இருந்தது. 2007இல் விஸ்டா வந்தபோது அது வெறும் 'கணினி' ஆகியது. 2013இல் வந்த 8.1 பதிப்பில் 'இந்தக் கணினி' என்றானது. வசதிக்காகச் செய்த மாற்றமாக இருக்கலாம். ஆனால் 'எனது' என்ற சொல் எப்போதும் கடனாகத்தான் தரப்பட்டிருந்தது. உறையைப் பிரிக்கும்போது நாம் வாசிக்காமல் ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கையின்படி, மென்பொருளை நாம் வாங்குவதில்லை. பயன்படுத்தும் அனுமதியைத்தான் பெறுகிறோம். லயத்துக்காரருக்கு இந்த நிலைமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் மிகக் கடுமையான எதிர்வாதம் எழுகிறது. தொழிற்சங்க வேலையில் ஈடுபட்ட நண்பர் ஒருவர் சொல்வார்: "சுவருக்குச் சாயம் பூசுகிறவன் உறுதிப்பத்திரம் கேட்க மாட்டான். சாயத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு, காணியைத் தாங்கள் வைத்துக்கொள்வார்கள்." இதை எளிதில் தள்ள முடியாது. விட்ஜெட்டுகளின் கதை அவர் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

2003இல் வந்த 'கொன்ஃபாபுலேட்டர்' என்ற மென்பொருளில், யார் வேண்டுமானாலும் சிறு கருவிகளைச் செய்து திரையில் வைக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம். 2005இல் யாஹூ அதை வாங்கியது. அதே ஆண்டு அப்பிள் 'டாஷ்போர்ட்' என்ற பெயரில் இத்தகைய வசதியைத் தந்தது. 2007இல் விஸ்டாவின் ஓரப்பட்டியில் மைக்ரோசொப்டும் தந்தது. 2012இல் பாதுகாப்புக் குறைபாடுகளைக் காரணம் காட்டி, அவற்றை முடக்கிவிடும்படி மைக்ரோசொப்டே பயனர்களுக்கு ஆலோசனை கூறியது. 2019இல் டாஷ்போர்ட்டும் நீக்கப்பட்டது. 2021இல் விண்டோஸ் 11இல் விட்ஜெட் என்ற பெயர் திரும்பி வந்தபோது, அந்தப் பலகையின் பெரும் பகுதியில் நாம் கேட்காத செய்திகள் வந்து நிறைந்தன. நாம் தெரிவு செய்து வைத்த அலமாரி, மெல்ல மெல்ல இன்னொருவர் நமக்காக நிரப்பும் அலமாரி ஆனது. அலங்கரிக்கிறோம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கையில் நம் கவனம் விலைபோகலாம்.

வானிலை விட்ஜெட்டைத் திறந்து, வட்டவளையில் இன்று மழையா என்று பார்க்கும் பிள்ளையைக் கண்டு நான் சிரித்ததுண்டு. யன்னலைத் திறந்தால் சாரல் முகத்தில் அடிக்கும். கண்ணெதிரே இருப்பதைக்கூடத் திரை சொன்னால்தான் நம்புவோம் என்ற நிலைக்கு அழகான பொருட்கள் நம்மைக் கொண்டுபோகக் கூடும்.

பின்புறப் படங்களில் உலகமே அறிந்தது விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைக் குன்று. 1996இல் கலிபோர்னியாவின் சொனோமாப் பகுதியில் சார்ல்ஸ் ஓரியர் எடுத்த புகைப்படம் அது. அந்தச் சரிவு ஏன் அத்தனை வெறுமையாக, வழுவழுப்பான புல்லாக இருந்தது? அங்கே திராட்சைத் தோட்டம் இருந்தது. வேரை அரிக்கும் ஒருவகைப் பூச்சியால் கொடிகள் நாசமாகி, பிடுங்கி எறியப்பட்டிருந்தன. ஓர் அழிவுக்கும் அடுத்த நடுகைக்கும் இடைப்பட்ட காலத்தின் பச்சை அது. பின்னர் அங்கே மீண்டும் திராட்சை நட்டார்கள்.

இதை அறிந்தபோது எங்கள் மலைகளை நினைத்துக்கொண்டேன். 1869இல் இலைத்துரு நோய் இங்கே தோன்றி, அடுத்த சில பத்தாண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்த பிறகுதான், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய தேயிலை மலையெங்கும் பரவியது. எங்கள் பச்சையும் ஒரு நோயின் பின் வந்த பச்சைதான். இன்று எங்கோ ஒரு நகரத்து அலுவலகத் திரையில் தேயிலைச் சரிவு பின்புறப் படமாக விரிந்திருக்கும். கூடை சுமந்த பெண் அதில் ஒரு வண்ணப் புள்ளியாக நிற்பாள். அட்டைக்கடியும் அன்றைய கொழுந்தின் நிறையும் அந்தப் படத்தில் தெரிவதில்லை. அடுத்தவர் வாழும் இடத்தை நம் திரைக்கு அலங்காரமாக்குவதும் ஓர் அறக்கேள்விதான். எங்கள் பிள்ளைகள் அதன் இரண்டு பக்கத்திலும் நிற்கிறார்கள்: அலங்கரிப்பவர்களாகவும், பிறரின் அலங்காரமாகவும்.

ஆகவே நண்பரின் எச்சரிக்கையை ஏற்கிறேன்; அவருடைய முடிவை ஏற்கவில்லை. அலங்காரம் உரிமைக்கு ஈடாகாது. நீலம் பூசிய சுவர் மழைக்கு ஒழுகும் கூரையைத் திருத்தாது. ஆனால் சுவருக்குச் சாயம் பூசுகிறவருக்குத்தான் எந்த மூலையில் வெடிப்பு, எந்தத் தகரத்தில் ஓட்டை என்று தெரியும். மனம் ஒட்டாத இடத்துக்காக யாரும் வழக்காட மாட்டார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையற்று எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை தந்தது. அதன்பின் சில குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கிடைத்திருக்கின்றன. இன்னும் ஏராளமானோர் லயத்திலேயே இருக்கிறார்கள். சொந்த வீடு வேண்டும் என்று குரல் கொடுத்தவர்கள், ஒவ்வொரு பண்டிகைக்கும் அந்தச் சொந்தமில்லாத சுவருக்குச் சாயம் பூசிய அதே மக்கள்தான். இரண்டும் ஒரே மனத்தின் வேலைகள். இங்கே நான் மனிதராக வாழ்கிறேன் என்று சாயம் சொல்கிறது. ஆகவே இது எனக்கு உரியதாக வேண்டும் என்று கோரிக்கை சொல்கிறது.

கணினி அறையில் நான் செய்வது இதுதான். பிள்ளைகள் படத்தை மாற்றட்டும், ஐக்கன்களை அடுக்கட்டும் என்று பாடத்தின் முதல் பத்து நிமிடத்தை விட்டுவிடுகிறேன். அதற்குப் பின் இரண்டு கேள்விகளைக் கேட்கிறேன். உனக்குப் பிறகு இந்த நாற்காலியில் அமரும் பிள்ளைக்கு அதன் பெயரும் கோப்பும் கண்ணுக்குத் தெரியுமா? திரையில் இருப்பவற்றில் நீ தெரிந்தெடுத்தது எது, உனக்காக வேறு யாரோ வைத்தது எது? முதலாவது கேள்விக்கு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளே சரியாகப் பதில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவதுக்குப் பதில் சொல்ல உயர்தர வகுப்புப் பிள்ளைகளும், ஏன், எங்கள் ஆசிரியர்களும்கூடச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்காகவாவது இந்தச் சோடனை வேலைக்குப் பாடவேளையில் ஓர் இடம் இருக்கட்டும் என்பது என் துணிபு.